நான்காவது சுவிட்ச்

அந்தப் பலகை கடைசிவரை பிழையில்லாமல் வேலை செய்தது. பிறகு நடந்த விசாரணையில் யாருக்கும் எளிதில் விளங்காமல் போனது அதுதான்.

முதலில் அதைக் கரும்பலகையில் சாக்பீஸால் வரைந்தவர் அறிவியல் டீச்சர். ஏழாம் வகுப்பு. பெரும்பாலும் ஆற்று மக்களின் பிள்ளைகள். அணை வந்தபோது கரையிலிருந்து அப்புறப்படுத்தப்பட்டு, நகரத்தின் ஓரத்தில் ஐந்து மாடிக் குடியிருப்புகளில் குடிவைக்கப்பட்டவர்கள். டீச்சரும் அதே மக்கள்தான். ஆனால் அவரும் அவருடைய தம்பியும் சின்ன வயதிலேயே தாய் தகப்பனை இழந்து, வெளியூர் விடுதிப் பள்ளியில் வளர்ந்தவர்கள். அங்கே ஆற்றைப் பற்றி வாயைத் திறந்தாலே மற்ற பிள்ளைகள் மூக்கைப் பிடித்துக்கொண்டு மீன் நாற்றம் என்பார்கள். தன் மக்களைப் பற்றி டீச்சருக்குத் தெரிந்ததில் பெரும்பகுதி, வேலைக்கு வந்த பிறகு கேட்டும் படித்தும் சேர்த்துக்கொண்டது. எது தெரியாது என்பது தெரியாத நிலையில்தான் அவர் பாடம் நடத்தினார். நன்றாகவே நடத்தினார்.

“கரையில இருந்தப்போ படகுத்துறையில ஒரு பலகை நட்டு வெச்சிருப்பாங்க. ஒவ்வொரு வீட்டுக்கும் ஒரு வரிசை ஓட்டை. ஒவ்வொரு ஆளுக்கும் ஒரு முளை. தண்ணிக்குள்ள போறவங்க தன்னோட முளையைப் புடுங்கி, அடியில இருக்குற ஓட்டையில குத்திட்டுப் போவாங்க. திரும்பி வந்தா எடுத்து மேல குத்துவாங்க. பொழுது சாயும்போது யாரோட முளை அடியிலேயே நிக்குதோ, அந்த ஆளைத் தேடிப் பந்தத்தோட படகு கிளம்பும். இது என்ன?”

“பலகை மிஸ்” என்றது கடைசி வரிசை. சிரிப்பு.

“இது நினைவகம். உள்ளே, வெளியே, ரெண்டே நிலை. இன்னிக்கு நீங்க தடவுற போன்ல இருக்குறதும் இதேதான். பலகை யோசிக்காது. ஆனா மறக்காது.”

“எங்கப்பாவுக்கு நேர் எதிர் மிஸ். யோசிச்சுக்கிட்டே இருப்பாரு. எல்லாத்தையும் மறந்துடுவாரு.”

சொன்னது ஜன்னலோரத்தில் உட்கார்ந்திருந்த ஒல்லிப் பெண். வேறொரு குடியிருப்பிலிருந்து அந்த ஆண்டுதான் மாறி வந்தவள். ஒரு கேள்வியை விரட்டினால் இன்னொன்றோடு காதருகே வந்து நிற்பாள் என்பதால் வந்த வாரமே அவளுக்குக் கொசு என்று பெயர் விழுந்துவிட்டது. அவளும் அதைப் பட்டம் போல ஏற்றுக்கொண்டாள்.

நகரத்தில் எங்கோ ஒரு கட்டடத்தில் தீப்பிடித்து, எல்லோரும் வெளியே வந்துவிட்டார்கள் என்று நினைத்து ஒரு கிழவரை உள்ளேயே விட்டுவிட்ட செய்தி அப்போது எல்லார் வாயிலும் இருந்தது. நம் குடியிருப்பு வாசலில் அந்தத் துறைப்பலகையை விளக்கும் சுவிட்சும் வைத்துச் செய்தால் என்ன என்று வகுப்பு பேசியது. வாசலைத் தாண்டி வெளியே போகிறவர் தன் சுவிட்சை இறக்க வேண்டும். திரும்பும்போது ஏற்ற வேண்டும். ஆபத்து மணி அடித்தால் பலகைக்கு பேட்டரி மின்சாரம் வரும். ஒரு வீட்டில் ஒருவராவது உள்ளே இருந்தால் அந்த வீட்டு விளக்கு எரியும். கடைசி ஆளும் வெளியே வந்து சுவிட்சை இறக்கினால்தான் அணையும். இந்த ஒரு இணைப்பை வைத்தே ஒரு பருவத்துப் பாடத்தை டீச்சரால் நடத்த முடிந்தது.

தலைமையாசிரியர் அனுமதிக் கடிதத்தில் கையெழுத்துப் போடுமுன் பேனாவை இரண்டு முறை உதறினார். “எரிஞ்சா ஆபத்து, அணைஞ்சா நிம்மதி. இதை மாத்தி வெச்சுத் தொலைச்சிடாதீங்க, டீச்சர். எனக்கு வீட்லயே அந்தக் குழப்பம்தான்.”

கம்பி வேலைக்கு டீச்சரின் தம்பி வந்தான். குடியிருப்புகளின் மின்வேலைகள் எல்லாம் அவன் பொறுப்பு. பிள்ளைகளுக்கு அவன் கரண்ட் அண்ணன். மத்தியான வேலை முடிந்து, தோள்பையைத் தரையில் போட்டு, அறிவியல் அறையின் ஒழுகும் குழாயில் முகம் கழுவிவிட்டு உட்காருவான். பற்றவைக்கும் கம்பியிலிருந்து எழும் புகை ஜன்னல் வெளிச்சத்தில் நூல் நூலாக ஏறும். கொசு அவன் முழங்கைக்குப் பக்கத்திலேயே இருப்பாள்.

“தள்ளி நில்லு கொசு. மூக்குல ஈயம் சொட்டினா மூக்குத்தி குத்துற செலவு மிச்சம்.”

“அண்ணா, ஒரு விளக்கு எரியலைன்னா எங்க தப்புன்னு எப்படிக் கண்டுபிடிப்பீங்க?”

“சந்தேகப்பட்டுக்கிட்டே வரணும். முதல்ல பேட்டரி. அது சரியா? விடு. அடுத்து ஒயர். அது சரியா? விடு. அடுத்து சுவிட்ச். ஒவ்வொண்ணா நல்லவன்னு தெரிஞ்சு வெளிய அனுப்பிட்டா, மிச்சம் நிக்கிறவன் திருடன்.”

“எல்லாரும் நல்லவங்களா இருந்தா?”

“அப்ப செஞ்சவன் திருடன்” என்று தன் நெஞ்சைத் தட்டிக்காட்டினான். அவள் விழுந்து விழுந்து சிரித்தாள்.

ஒவ்வொரு வீட்டுக்கும் எத்தனை சுவிட்ச் என்று தெரிய வேண்டும். டீச்சர் பிள்ளைகளை மாடி மாடியாக அனுப்பினார். எல்லா வாசலிலும் ஒரே கேள்வி கேட்க வேண்டும்: உங்க வீட்ல எத்தனை பேரு? தன் வீட்டுக்குக் கொசுவே பதில் சொன்னாள். நாலு. தம்பி நான்கு சுவிட்ச் பதித்தான். பழைய பலகையில் பெயர் எழுதும் வழக்கம் இல்லை என்பதால் இதிலும் எழுதவில்லை. வீட்டு எண் மட்டும்தான்.

ஒத்திகை நாளில் கல்வி அலுவலகத்திலிருந்து ஆட்கள் வந்தார்கள். மணி அடித்தது. மக்கள் சிரித்துக்கொண்டும் பிள்ளைகளை அதட்டிக்கொண்டும் இறங்கி வந்து சுவிட்சுகளை இறக்கினார்கள். விளக்குகள் ஒவ்வொன்றாக அணைந்தன. எல்லாம் அணைந்ததும் கைதட்டல். ஆற்று மக்களின் பிள்ளைகள் தங்கள் முன்னோரின் அறிவிலிருந்தே அறிவியல் கற்கிறார்கள் என்று வந்தவர் ஒருவர் பேசினார். டீச்சர் பிள்ளைகளின் முகங்களைப் பார்த்துக்கொண்டிருந்தார். யாரும் மூக்கைப் பிடிக்கவில்லை. அவருக்கு அது போதுமாக இருந்தது.

தீப்பிடித்தது ஒரு விடுமுறை நாள் மத்தியானம். மாடிப்படிக்கு அடியில் யாரோ போட்டுவைத்திருந்த பழைய சோபாவும் மெத்தையும்தான் முதலில் பற்றின. தீயைவிடப் புகை வேகமாக ஏறியது. மணி அடித்தது. பலகை முழுக்க வெளிச்சம் வந்தது. ஒத்திகை பார்த்திருந்ததால் மக்கள் முட்டி மோதாமல் இறங்கினார்கள். வாயில் துணியோடு வந்தவர்கள்கூட ஒரு கையால் சுவிட்சை இறக்கிவிட்டே வாசலைத் தாண்டினார்கள். டீச்சரின் தம்பி பலகைக்குப் பக்கத்தில் நின்று, அணைய அணைய வீட்டு எண்களைச் சத்தமாகச் சொன்னான்.

ஒரு விளக்கு மட்டும் அணையவில்லை. நான்காம் மாடி.

“அந்த வீட்டுக்காரங்க எங்க? யாரு உள்ள இருக்கா?”

யாருக்கும் தெரியவில்லை. புதிதாக வந்த குடும்பம். அந்த வீட்டு அம்மா மகளைத் தோளில் போட்டுக்கொண்டு இறங்கினாள், பிள்ளைக்கு மூச்சுத் திணறல், தெருவுக்கு எதிரே இருக்கும் மருத்துவமனைக்கு ஓடிவிட்டாள் என்று ஒருவர் சொன்னார். வீட்டுக்காரர் காலையிலேயே வேலைக்குப் போனவர். மூன்று சுவிட்சுகள் இறங்கியிருந்தன. நான்காவது ஏறி நின்றது.

தீயணைப்பு வண்டியின் ஓசை தெருமுனையில் கேட்டது. இரண்டு பக்கமும் நிறுத்தியிருந்த கார்களுக்கு நடுவே வண்டி நுழையத் திணறிக்கொண்டிருந்தது. தம்பி ஒரு துண்டை வாளியில் முக்கி முகத்தில் கட்டினான்.

“வண்டி வந்துடுச்சுடா. இரு” என்று டீச்சர் அவன் சட்டையைப் பிடித்தார்.

“அக்கா, ஒருத்தர் உள்ள இருக்காங்கன்னு உன் பலகை சொல்லுது. நீயே நம்பலைன்னா எப்படி?”

கண்கள் சிரிப்பது துண்டுக்கு மேலே தெரிந்தது. டீச்சர் சட்டையை விட்டுவிட்டார்.

நான்காம் மாடி வீட்டில் உள்ளறையில் அவனைக் கண்டெடுத்தார்கள். தரையில் குப்புறக் கிடந்தான். ஒரு கை கட்டிலுக்கு அடியில் நீண்டிருந்தது. அலமாரிக் கதவுகள் திறந்திருந்தன. குளியலறைக் கதவும். புகைக்குப் பயந்து ஒளியும் குழந்தையை எங்கெல்லாம் தேடுவார்களோ அங்கெல்லாம் தேடியிருந்தான்.

வீட்டில் வேறு யாரும் இல்லை.

டீச்சர் வசித்ததும் அதே கட்டடத்தில், தன் தம்பி வீட்டிலேயேதான். தம்பி, அவன் மனைவி, இரண்டு பிள்ளைகள், அவர். துக்கம் கேட்க வந்தவர்கள் கூடத்தில் பாய் விரித்து உட்கார்ந்திருந்தார்கள். தூரத்து உறவில் பெரியம்மா முறையாகும் ஒருத்தி தண்ணீர்ப் பாத்திரத்தை வாங்கிக்கொண்டே தம்பி மனைவியிடம் கேட்டாள்.

“எத்தனை பேரும்மா நீங்க?”

“அஞ்சு.”

“உலை?”

“நாலு பேருக்கு.”

பெரியம்மா தலையசைத்துவிட்டு, அந்த நாலு பேருக்குத் தன் வீட்டிலிருந்து சாப்பாடு வரும் என்றாள். பேச்சு வேறு பக்கம் போனது. டீச்சர் மட்டும் சுவரோடு சாய்ந்தபடி அசையாமல் இருந்தார். கூட்டம் கலைந்த பிறகு சமையலறைக்குப் போனார்.

“அஞ்சுன்னு சொன்னியே.”

“ஆமா அண்ணி. அஞ்சு பேருதானே நாம.” தம்பி மனைவி பாத்திரம் துடைப்பதை நிறுத்தவில்லை. “வருஷம் திரும்புற வரைக்கும் அவரு வீட்லதான் இருக்காரு. அதுக்குள்ள எண்ணாம விட்டா நாமளே கழுத்தைப் புடிச்சு வெளிய தள்ளினதா ஆயிடும்ல? அதனாலதான் ரெண்டாவதா உலையைக் கேப்பாங்க. எத்தனை பேரு சாப்பிடுறாங்கன்னு.”

“எல்லாரும் ரெண்டு கேள்வியும் கேப்பாங்களா?”

“கேக்காம?”

“எனக்கு யாரும் சொல்லவே இல்லையே.”

“இதைப் போய் யாரு அண்ணி சொல்லிக் குடுப்பாங்க? பொறந்ததுல இருந்து காதுல விழுறதுதானே...” என்றவள் பாதியில் நின்றாள். விடுதியில் வளர்ந்த பெண்ணிடம் இதைச் சொல்கிறோம் என்பது அவளுக்கு உறைத்தது. பிறகு வேறொன்றும் உறைத்திருக்க வேண்டும். கையிலிருந்த தட்டை மெதுவாகக் கீழே வைத்தாள். “அந்தப் பலகைக்கு நீங்க ஒரு கேள்வி மட்டுமா கேட்டீங்க?”

 டீச்சர் கீழே இறங்கிப் போய் வாசலில் நின்றார். கரி படிந்த பலகையில் நான்காவது சுவிட்ச் ஏறினபடியே இருந்தது. தெருவைக் கடந்து எதிர் மருத்துவமனைக்குப் போனார். கொசு இன்னும் படுக்கையில் இருந்தாள், தூங்கிக்கொண்டிருந்தாள். அவள் அம்மாவிடம், வேறு ஏதோ விசாரிப்பது போல, வீட்டில் பெரியவர்கள் யாராவது உண்டா என்று கேட்டார். மாமனார் இருந்தார், இங்கே வருவதற்குக் கொஞ்ச நாள் முன்புதான் தவறிவிட்டார், பிள்ளைக்கு அவர்தான் உயிர் என்றாள் அந்த அம்மா. அவளுக்குக் கணக்கு இன்னும் பிடிபடவில்லை. மகளின் மூச்சைத் தவிர வேறெதிலும் அவள் கவனம் இல்லை.

கரையில் இருந்த பலகை வெளியே போனவர்களைத் தேடியது. அதில் இறந்தவரின் முளை மேல்வரிசையில், வீட்டில், பத்திரமாக இருந்தது. அதனால் யாருக்கும் எந்தக் கேடும் இல்லை. டீச்சர் அதைத் திருப்பிப் போட்டு, உள்ளே இருப்பவர்களைத் தேடச் சொல்லியிருந்தார். எப்போதும் வீட்டிலேயே இருக்கிறவர் தீக்குள் மாட்டிக்கொண்டவர் ஆகிவிட்டார். பலகை சொன்னது சரி. கொசு சொன்னதும் சரி. பிழை இருந்த இடம் ஒன்றே ஒன்றுதான். அது டீச்சரின் கேள்வியில் இருந்தது.

ஆனால் அதைச் சொல்ல வேண்டுமென்றால் எந்த வீடு, எந்தச் சுவிட்ச், யார் சொன்ன எண் என்பதையும் சொல்ல வேண்டும். சொன்னால் அன்று சாயங்காலத்துக்குள் குடியிருப்பு முழுக்கத் தெரிந்துவிடும். மாடிப்படியில் எதிரே வருகிறவர்கள் எல்லாம் அந்தப் பெண்ணைப் பார்ப்பார்கள். யாரும் ஒன்றும் சொல்ல மாட்டார்கள், பார்ப்பார்கள். அவளும் வாழ்நாள் முழுக்கத் தன் தாத்தாவைத் தேடிப் போய் ஒருவன் செத்தான் என்று நினைத்துக்கொண்டே வளர்வாள்.

தீயணைப்புத் துறையிலிருந்து விசாரணைக்கு வருகிறார்கள் என்று தலைமையாசிரியர் சொல்லியனுப்பியபோது, டீச்சர் தன் தம்பி மனைவியிடம் போனார்.

“ஈயம் பத்தவெச்ச சாலிடர் வழிஞ்சு ஒயரோட ஒயர் ஒட்டிக்கிச்சு, அதனாலதான் விளக்கு அணையலைன்னு சொல்லப் போறேன்.”

தம்பி மனைவிக்கு முதலில் புரியவில்லை. புரிந்ததும் முகம் கறுத்தது. “யாரு வெச்ச சாலிடர்?”

“அவன்தான்.”

“அப்போ அவரு வேலை பார்த்த லட்சணத்துக்கு அவரே செத்தாருன்னு எழுதிக் குடுக்கப் போறீங்க.”

“அந்தப் பிள்ளைக்குப் பன்னெண்டு வயசுகூட ஆகல.”

“எனக்கும் ரெண்டு பிள்ளைங்க இருக்கு. நாளைக்கு உங்கப்பனுக்கு ஒயர் கட்டத் தெரியலைன்னு எவனாவது அதுங்ககிட்டச் சொன்னா நான் என்ன பண்ணுவேன்? ஒரு பிளக் மாட்டினாக்கூட மூணு தடவை இழுத்துப் பார்க்குற மனுஷன் அண்ணி அவரு. செத்தவரு வந்து இல்லைன்னு சொல்ல மாட்டாருன்னுதானே...” முந்தானையை வாயில் அழுத்திக்கொண்டாள்.

  இரண்டு பெண்களும் அடுப்பு மேடைக்கு இரண்டு பக்கமும் நின்றுகொண்டிருந்தார்கள். பிள்ளைகள் பக்கத்து அறையில் எதற்கோ சண்டை போட்டுக்கொண்டிருந்தன.

மறுநாள் காலை தம்பி மனைவி கிளம்பித் தயாராக நின்றாள். “நானும் வர்றேன். நீங்க மட்டும் சொன்னா நம்ப மாட்டாங்க. அவரு அவசர அவசரமாத்தான் வேலையை முடிச்சாரு, வீட்ல வந்து அப்படிச் சொன்னாருன்னு நானும் சொல்றேன்.” செருப்பை மாட்டிக்கொண்டே, டீச்சரைப் பார்க்காமல் சொன்னாள்: “அவரு இருந்தா அவரே பழியை ஏத்துக்கிட்டு வந்திருப்பாரு. அந்தப் பொண்ணு மேல அவ்வளவு உசிரு.”

விசாரணை அறிவியல் அறையிலேயே நடந்தது. பலகையைக் கழற்றிக் கொண்டுவந்து மேசைமேல் கிடத்தியிருந்தார்கள். கழற்றியதில் சுவிட்சுகள் எல்லாம் மேலும் கீழுமாக மாறிப்போயிருந்தன. வந்த அதிகாரி வயதானவர், நிதானமானவர். தன் துறை வண்டி தெருமுனையில் சிக்கி நின்றதை முதலில் தானே சொல்லி வருத்தம் தெரிவித்தார். பலகை எப்படி வேலை செய்கிறது என்று செய்த பிள்ளைகளே விளக்கட்டும் என்று கேட்டார். தலைமையாசிரியர் மூன்று பேரை அனுப்பினார். அதில் ஒருத்தி கொசு. முந்தின நாள்தான் மருத்துவமனையிலிருந்து வந்திருந்தாள். குரல் இன்னும் கரகரத்தது. டீச்சருக்குத் தெரிந்திருந்தால் தடுத்திருப்பார். பார்த்தபோது அவள் ஏற்கனவே உள்ளே வந்துவிட்டாள்.

பிள்ளைகள் விளக்கினார்கள். அதிகாரி கவனமாகக் கேட்டார். பிறகு டீச்சர் பக்கம் திரும்பினார். “நாலாவது மாடி வீட்டு விளக்கு மட்டும் ஏன் எரிஞ்சுச்சு? உங்க அபிப்பிராயம் என்ன?”

“சாலிடர் வழிஞ்சு ஒயரோட ஒயர் ஒட்டியிருக்கும் சார். சுவிட்ச் இறங்கியும் விளக்கு அணையாம நின்னுருக்கும்.” தயார் செய்து வைத்திருந்த வாக்கியம். வெளியே வரும்போது அது வேறு யாரோ பேசுவது போல் இருந்தது. “வேலையைக் கொஞ்சம் அவசரமா முடிக்க வேண்டியதாப் போச்சு.”

“ஆமாங்க” என்றாள் தம்பி மனைவி. “அவரே சொன்னாரு.”

அதிகாரி எழுதத் தொடங்கினார்.

“இல்ல மிஸ்.”

கொசு மேசைக்கு மிக அருகில் வந்து நின்றிருந்தாள்.

“சாலிடர் சரியாத்தான் இருந்துச்சு. நானும் கரண்ட் அண்ணனும் ஒவ்வொண்ணா மீட்டர் வெச்சுப் பார்த்தோம். எங்க வீட்டு ஒயரை நான்தான் பார்த்தேன்.”

“நீ போம்மா. நான் அப்புறம் பேசுறேன்” என்றார் டீச்சர்.

“பேட்டரி சரி மிஸ். பேட்டரி போயிருந்தா ஒரு விளக்குமே எரிஞ்சிருக்காது. ஒயர் சரி. ஒத்திகையில அணைஞ்சுச்சுல்ல?” அவள் விரல் பலகையின் மேல் ஒவ்வொன்றாக நகர்ந்தது. வகுப்பில் பதில் சொல்லும்போது இருக்கும் அதே வேகம். “சுவிட்ச் சரி. அண்ணன் செஞ்சதுல தப்பே இல்ல. தப்பு...”

“போன்னு சொல்றேன்ல!”

டீச்சர் இப்படிக் கத்தி அந்தப் பள்ளியில் யாரும் கேட்டதில்லை. தலைமையாசிரியர் எழுந்தே விட்டார். கொசு பின்வாங்கவில்லை.

“ஒத்திகை அன்னிக்கு நான்தான் தாத்தாவோட சுவிட்சை இறக்கினேன் மிஸ். தாத்தாவையும் கூட்டிட்டு வந்துட்டேன்னு மனசுக்குள்ள சொல்லிட்டு. அப்புறம் திரும்ப ஏத்திட்டேன். தீப்பிடிச்ச அன்னிக்கு அம்மா எனக்கும் அம்மாவுக்கும் மட்டும் இறக்கிட்டாங்க. அம்மாவுக்குத் தெரியாது, நாலாவது எதுக்குன்னு.” மூச்சு வாங்கியது. “ஆஸ்பத்திரியில எனக்கு ஞாபகம் வந்துச்சு. தாத்தாவை எடுக்கலையேன்னு. மூஞ்சியில மாஸ்க் போட்டிருந்தாங்க. நான் கழட்டுனேன். திரும்பத் திரும்ப மாட்டுனாங்க. சொல்லவே விடல.”

அதிகாரி எழுதியிருந்த வரியை அடித்தார்.

“கரண்ட் அண்ணன் தாத்தாவைத் தேடித்தானே போனாரு?”

டீச்சர் அவள் முன்னால் மண்டியிட்டு இரண்டு தோள்களையும் பிடித்துக்கொண்டார். “நீ சொன்னது தப்பே இல்ல. நாலுன்னு சொன்னதுதான் சரி. நான் இன்னொரு கேள்வி கேட்டிருக்கணும். எனக்குத் தெரியல. என் தப்புடா கண்ணு, என் தப்பு மட்டும்தான்.”

உண்மையை அவர் சொல்லிவிட்டார். அதற்கான நேரம் கடந்திருந்தது. ஒவ்வொன்றாகச் சோதித்து வெளியே அனுப்பக் கற்றுக்கொண்டவள் இதையும் டீச்சர் தனக்காகச் சொல்லும் இன்னொரு பொய்யாகத்தான் எடுத்துக்கொண்டாள். அவள் முகத்தில் அது தெரிந்தது. இரக்கத்தோடு பார்த்தாள்.

அதிகாரி கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டார். அவருக்கு இந்த மக்களின் வழக்கம் தெரியாது. பதிவில் எழுத வேண்டும் என்பதற்காக, முடிந்தவரை மென்மையாகக் கேட்டார்.

“உங்க வீட்ல எத்தனை பேரு பாப்பா?”

கொசு திரும்பி, டீச்சரின் தம்பி மனைவியை ஒருமுறை பார்த்தாள்.

“மூணு” என்றாள்.

தம்பி மனைவி எட்டி அவள் கையைப் பிடித்தாள். “அப்படிச் சொல்லக் கூடாதும்மா, வருஷம் திரும்பல... நாலு சார். நாலுன்னு எழுதுங்க” என்றாள் அதிகாரியிடம். தன் புருஷனைக் கொன்ற எண்ணுக்காக அவள் கெஞ்சுவதை அதிகாரி புரியாமல் பார்த்தார்.

“மூணுதான் சார்” என்றாள் கொசு மறுபடியும்.  பிடியிலிருந்து கையை உருவிக்கொண்டு, அனுமதி கேட்டு, வெளியே போனாள்.

அறிக்கையில் யார்மீதும் குற்றம் சொல்லப்படவில்லை. மாடிப்படிக்கு அடியில் பொருட்களைப் போட்டுவைத்ததும், தெருவில் கார்கள் நின்றதும்தான் காரணங்களாக எழுதப்பட்டிருந்தன. பலகையைப் பற்றி ஒரு பத்தி இருந்தது. டீச்சர் கொசுவின் வீட்டுக்கு இரண்டு முறை போனார். முதல் முறை அந்த அம்மா கதவைத் திறந்து, உள்ளே கூப்பிட்டு, அழுதாள். தாத்தாவின் சட்டையை மகள் தானே மடித்து யாருக்கோ கொடுத்துவிட்டதாகவும், தடுத்தும் கேட்கவில்லை என்றும் சொன்னாள். இரண்டாம் முறை கொசு படித்துக்கொண்டிருந்தாள். எழுந்து வணக்கம் சொல்லிவிட்டு, டீச்சர் போகும்வரை நின்றுகொண்டே இருந்தாள்.

துறைப்பலகைப் பாடத்தை எடுத்துவிடச் சொல்லி யாரும் உத்தரவு போடவில்லை. அடுத்த பருவத்தில் டீச்சர் அதை மறுபடி கரும்பலகையில் வரைந்தார். இந்த முறை இரண்டு கேள்விகளையும் எழுதினார். இரண்டாவது கேள்வி தனக்கு எப்படித் தெரியவந்தது என்பதையும், எதையும் மறைக்காமல், பிள்ளைகளிடம் சொன்னார். சொல்லும்போது ஜன்னல் பக்கம் பார்க்காமல் இருக்க முயன்றார்.

முடித்துவிட்டு, சந்தேகம் இருந்தால் கேளுங்கள் என்றார். கடைசி வரிசையிலிருந்து ஒன்று வந்தது. நடு வரிசையிலிருந்து ஒன்று. டீச்சர் பதில் சொன்னார். பிறகும் சாக்பீஸைக் கீழே வைக்காமல் கொஞ்ச நேரம் நின்றார். ஜன்னலோரத்தில் அந்தப் பெண் தலைகுனிந்து, ஸ்கேல் வைத்து, படத்தைக் கோடு பிசகாமல் வரைந்துகொண்டிருந்தாள்.